தூதர்களின் நினைவுக் குறிப்புகளை எப்படிப் படிப்பது: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்கு

ஓய்வு பெற்ற தூதர்கள் எழுதும் நினைவுக் குறிப்புகளை நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது படிக்கிறார்கள். பெரும்பாலும் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். நேர்முகத் தேர்வில் சொல்ல ஒரு சம்பவம், கட்டுரைத் தாளில் வைக்க ஒரு வரி, இவ்வளவு கிடைத்தால் போதும் என்று எடுத்துக்கொண்டு மூடி வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. ஒரு நாடு இன்னொரு நாட்டோடு உண்மையில் எப்படிப் பேசுகிறது, அந்தப் பேச்சில் யாரெல்லாம் விடுபட்டுப் போகிறார்கள் என்பதெல்லாம் இந்த எழுத்துகளில்தான் இருக்கிறது, அவசரமாகப் புரட்டினால் கண்ணில் படாது. தருமபுரியில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து இவற்றைச் சேர்ந்து படிக்கிறோம். அப்படிப் பழகிய முறையை எழுதி வைக்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: ஒரு தூதர் எழுதியதைத் தனியாகப் படிக்காதீர்கள். அன்று அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் என்ன எழுதினார் என்று தேடுங்கள். அதோடு நிற்காமல், அங்கே எடுத்த முடிவு கடைசியில் யார் வீட்டு வாசலில் போய் நின்றது என்றும் தேடுங்கள். அந்த மூன்றாவது ஆள் பெரும்பாலும் எதையும் எழுதியிருக்க மாட்டார். ஆனால் நம் மாவட்டத்திலேயே இருக்கக்கூடும்.

எங்கிருந்து தொடங்குவது?

ராஜாஜியிடமிருந்து தொடங்குங்கள் என்பேன். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது, போய்ப் பார்த்திருப்பீர்கள். 1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி அமைதி அறக்கட்டளையின் குழுவோடு வாஷிங்டன் போய் அதிபர் கென்னடியைச் சந்தித்தார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று நேரில் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனார். அப்போது அங்கே இந்தியத் தூதர் பி.கே. நேரு, பிரதமர் நேருவின் உறவினர். ராஜாஜியோ சுதந்திரா கட்சியைத் தொடங்கி ஊர் ஊராக நேருவின் கொள்கைகளை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தவர். உள்ளூரில் இப்படி எதிரெதிராக நிற்பவர்கள் வெளிநாட்டில் ஒரே நாட்டின் பெயரால் ஓர் அறைக்குள் போக வேண்டியிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சந்திப்பைப் பற்றி யார் எழுதியது கிடைத்தாலும் படியுங்கள். ராஜாஜியோடு போனவர்கள் எதை முக்கியமாகச் சொல்கிறார்கள், தூதரகத்தின் பக்கம் எதை முக்கியமாகச் சொல்கிறது என்று ஒரு நோட்டில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். சோதனைகளை ஓரளவு தடுக்கும் ஒப்பந்தம் 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் கையெழுத்தானது. அதற்கு ராஜாஜிதான் காரணம் என்று யாராவது எழுதினால் நம்பிவிடாதீர்கள், இடையில் சோவியத் ஏவுகணைகளால் கியூபா நெருக்கடி வந்து, அணு ஆயுதப் போர் மூளுமோ என்று உலகமே பயந்துபோயிருந்தது. அதற்காக அந்தப் பயணம் வீண் என்றும் ஆகிவிடாது. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கப் பழகுவதுதான் முதல் பாடம்.

படிக்கும்போது கையில் பென்சில் இருக்கட்டும்

முதலில் புத்தகம் எந்த ஆண்டு எழுதப்பட்டது, சம்பவம் எந்த ஆண்டு நடந்தது என்று பாருங்கள். முப்பது வருடம் கழித்து எழுதுகிறவருக்குக் கதையின் முடிவு தெரியும், அதனால் அவர் அன்றைக்கே எல்லாவற்றையும் முன்கூட்டிப் பார்த்தவர் போலத் தெரிவார். அன்றிரவே எழுதிய நாட்குறிப்பும் அன்றே அனுப்பிய தந்தியும் அப்படி இருக்காது, அவற்றில் தடுமாற்றம் தெரியும். எனக்கு அந்தத் தடுமாற்றம்தான் மதிப்பு.

அப்புறம், எழுதுகிறவர் அப்போது என்ன பதவியில் இருந்தார் என்று பாருங்கள். இந்திய வெளியுறவுப் பணியில் சேர்கிறவர் மூன்றாம் செயலராகத் தொடங்கி இரண்டாம் செயலர், முதல் செயலர், கவுன்சிலர் என்று ஏறித்தான் தூதர் ஆகிறார். காமன்வெல்த் நாடுகளில் தூதர் என்று சொல்லாமல் ஹைகமிஷனர் என்பார்கள், வேலை ஒன்றுதான். மூன்றாம் செயலராக இருந்தபோது நடந்த பெரிய சந்திப்பை ஒருவர் பக்கம் பக்கமாக விவரித்தால், இவர் அறைக்குள் இருந்தாரா, வாசலில் காரோடு நின்றாரா, மறுநாள் குறிப்பைத் தட்டச்சு செய்தாரா என்று கேளுங்கள். மூன்றில் எதுவாக இருந்தாலும் தவறில்லை. சொல்லப்போனால் குறிப்பு எடுத்தவருக்குத்தான் பெரியவர்களைவிட அதிகம் நினைவிருக்கும். ஆனால் எந்த இடத்திலிருந்து பார்த்தார் என்று நமக்குத் தெரிய வேண்டும்.

பென்சிலால் அடிக்கோடு போட வேண்டிய இன்னொரு இடம் உண்டு. வெற்றி வரும் பக்கங்களில் “நான் சொன்னேன்”, “நான் எச்சரித்தேன்” என்று வரும். தோல்வி வரும் பக்கங்களில் திடீரென்று “முடிவு எடுக்கப்பட்டது”, “கருதப்பட்டது” என்று ஆள் இல்லாத வாக்கியங்களாக மாறிவிடும். அங்கே நின்று, யார் எடுத்த முடிவு, யார் அப்படிக் கருதினார் என்று ஓரத்தில் எழுதிக் கேளுங்கள். பல சமயம் பதில் அடுத்த அத்தியாயத்தில் எங்கோ தலைகாட்டும். சில சமயம் சொல்லவே மாட்டார்கள். 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, ஓய்வு பெற்றாலும் அது விடாது. ஆகவே மௌனம் எல்லாமே மறைப்பு என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஒரே இரவை இரண்டு பக்கமிருந்தும் படித்துப் பாருங்கள்

இதற்கு 1950 அக்டோபர் 3 பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) நள்ளிரவைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. தூங்கப் போன இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரை எழுப்பி, சீனப் பிரதமர் சூ என்லாய் உடனே பார்க்க வேண்டும் என்கிறார் என்று அழைத்துப் போனார்கள். வட கொரியாவையும் தென் கொரியாவையும் பிரித்த 38ஆவது இணைகோட்டை அமெரிக்கப் படைகள் தாண்டினால் சீனா போரில் இறங்கும் என்று சூ சொன்னார். அமெரிக்கா அப்போது புதிய சீன அரசை அங்கீகரிக்கவில்லை, அதனால் நேரடியாகச் சொல்ல வழியில்லை, இந்தியா வழியாகத்தான் செய்தி போக வேண்டும். பணிக்கர் டெல்லிக்குத் தெரிவித்தார், அங்கிருந்து லண்டன், வாஷிங்டன் என்று போனது. வாஷிங்டன் நம்பவில்லை. பணிக்கர் சீனாவின் பக்கம் சாய்ந்தவர், இது வெறும் மிரட்டல் என்று ஒதுக்கிவிட்டார்கள். சில நாட்களில் அமெரிக்கப் படைகள் கோட்டைத் தாண்டின, அதே மாதத்திலேயே சீனப் படைகள் எல்லையில் உள்ள யாலு ஆற்றைக் கடந்து வந்தன. போர் இன்னும் மூன்று வருடம் இழுத்து 1953 ஜூலையில்தான் நின்றது.

பணிக்கர் அந்த இரவைப் பற்றி எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு, அமெரிக்க வெளியுறவுத் துறை தன் பழைய ஆவணங்களைத் தொகுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறதே, அதில் 1950ஆம் ஆண்டுக் கொரியத் தொகுதியைத் திறந்து அக்டோபர் முதல் வாரத் தந்திகளைப் படியுங்கள். ஒரு மனிதரைப் பற்றிய முன்முடிவு அவர் கொண்டுவந்த செய்தியை எப்படிக் கெடுத்தது என்று அங்கே வரிவரியாகத் தெரியும். ஆங்கிலம் கொஞ்சம் பழைய அலுவலக ஆங்கிலம்தான், பயப்பட வேண்டாம். ஒருவர் சத்தமாகப் படித்து இன்னொருவர் தமிழில் சொன்னால் போதும், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

இப்படி ஒரு பக்கக் கதை மட்டுமே கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. தருமபுரிதான் அன்றைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் அரசன் தொண்டைமானிடம் தூது போனது புறநானூற்றின் 95ஆவது பாட்டில் இருக்கிறது. தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டினான். உன் ஆயுதங்கள் மயில் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் உள்ள அரண்மனையில் அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை சொன்னார். புகழ்வது போலப் பழிப்பது. தூதருக்கு இதைவிட நல்ல பேச்சு கிடையாது. ஆனால் நம்மிடம் இருப்பது ஔவையின் பக்கம் மட்டும். தொண்டைமான் அதைக் கேட்டு என்ன பதில் சொன்னான், அவன் அவையில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று ஒரு வரி இல்லை. பின்னால் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்தான் என்பதும் பாட்டில்தான் தெரிகிறது, இந்தத் தடவை வென்றவனைப் பாடிய புலவரின் பாட்டு.

பக்கத்திலேயே இருக்கும் மூன்றாவது ஆள்

இனி நமக்கு நெருக்கமான, கனமான விஷயம். நம் ஆட்களோடு இதைப் படிக்கும்போது அவசரப்படாதீர்கள்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும், அங்கே நடந்த இனப் போரை நிறுத்துவதற்கான இந்திய இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் ஒரு கடற்படைச் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவைத் தாக்கினான். அப்போது அங்கே இந்திய ஹைகமிஷனர் ஜே.என். தீட்சித், பின்னாளில் வெளியுறவுச் செயலராகவும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராகவும் ஆனவர். அவர் அந்த நாட்களை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த ஒப்பந்தத்தையொட்டி இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படைக்குத் தலைமை வகித்த தளபதி தன் பக்கத்தை எழுதியிருக்கிறார். விடுதலைப் புலிகளின் பக்கமிருந்து ஆன்டன் பாலசிங்கம் எழுதியிருக்கிறார். மூன்றையும் அருகருகே வைத்தால் ஒரே பேச்சுவார்த்தை மூன்று விதமாக இருக்கும், யார் யாருக்கு என்ன வாக்குறுதி கொடுத்தார்கள் என்பதே மாறும். ஒப்பந்தத்தின் வாசகத்தையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், அது இணையத்தில் கிடைக்கிறது. இரண்டு அரசுகள் கையெழுத்திட்டன, சண்டையில் இருந்த இயக்கம் கையெழுத்திடவில்லை. இது ஒன்றை நினைவில் வைத்தாலே பின்னால் நடந்தது பாதி புரியும். அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பியது, அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் இறந்திருந்தார்கள். இலங்கைத் தமிழர்கள் பட்டதை இந்தப் பக்கத்துப் புத்தகங்கள் மிகக் குறைவாகவே சொல்கின்றன, எனக்கு இதில் மாற்றுக் கருத்தே இல்லை.

தமிழ்நாட்டில் இருந்த அகதிகள் திரும்பிப் போவதைப் பற்றியும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு குறிப்பு உண்டு. நம் மாவட்டங்களில் அணைகளை ஒட்டி இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும், 2021 முதல் அவற்றை மறுவாழ்வு முகாம் என்று அரசு அழைக்கிறது. முகாமிலேயே பிறந்து, இங்கே பள்ளிக்கூடம் போய், பெயிண்ட் வேலைக்குப் போகிறவர்களும் கல்லூரி முடித்தவர்களும் இருக்கிறார்கள். கொழும்பில் எழுதிய அந்த வரிக்கு இவர்கள்தான் இன்னும் உயிருள்ள சாட்சி. இன்னும் பின்னால் போக வேண்டுமா? 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போன மலையகத் தமிழர்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பேச்சுவார்த்தையை நடத்தியவர்களின் எழுத்தில் இது ஒரு சிக்கலைத் தீர்த்த நிம்மதியாக வரும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த யாரையும் அதற்கு முன் கேட்கவில்லை.

சரி, முகாமுக்குப் போய்க் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் முறையோடு. வெளியாட்கள் நினைத்தபடி உள்ளே போக முடியாது, வருவாய்த் துறையிடம் முதலில் அனுமதி பெறுங்கள். அவர்களில் பலருக்குக் குடியுரிமை விஷயம் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஆகவே பெயர் போட்டு எதையும் வெளியிடாதீர்கள், படம் எடுக்காதீர்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் போகாமலிருப்பதே நல்லது.

வேலையைவிட வாழ்க்கை எழுதப்பட்ட பக்கங்கள்

விருந்து, விமானம், கொடி வைத்த கார் எல்லாம் வரும், வேகமாகத் தாண்டிப் போங்கள். நிற்க வேண்டியது குடும்பம் வரும் இடங்களில். மூன்று வருடத்துக்கு ஒருமுறை நாடு மாறினால் பிள்ளைகள் படிப்பு என்ன ஆகிறது, மனைவியோ கணவனோ தன் வேலையை என்ன செய்தார், ஊரில் வயதான அப்பா அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் எந்த விமானத்தைப் பிடித்து எத்தனை நாளில் வர முடிந்தது. பழைய தலைமுறை ஆண்கள் எழுதியதில் இதெல்லாம் நன்றி சொல்லும் பக்கத்தில் ஒரு வரியாகத்தான் இருக்கும்.

சி.பி. முத்தம்மாவைத் தேடிப் படியுங்கள். குடகில் பிறந்து சென்னையில் படித்தவர், 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அன்றைய விதிப்படி, அந்தப் பணியில் இருக்கும் பெண் கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆண்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார், 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார். நம் ஊரிலிருந்து இந்தப் பணிக்குப் போக நினைக்கும் பெண்கள் இந்தத் தீர்ப்பை முழுதாகப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், சில பக்கங்கள்தான்.

இன்னொரு குறை. தூதரகத்தில் கணக்கர், சுருக்கெழுத்தர், காவலர், ஓட்டுநர், சமையல்காரர், அந்த ஊரிலேயே வேலைக்கு எடுத்த ஆட்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பெரியவர்களின் எழுத்தில் அவர்கள் பெயரில்லாமல் வந்து போவார்கள். வணிகப் பிரிவும் அப்படித்தான் ஒதுக்கப்படும். கிருஷ்ணகிரி மாங்கூழ் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது, ஓசூர் ரோஜா வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறது. இதற்கெல்லாம் பின்னால் சான்றிதழ், தர விதி, சுங்கம் என்று ஏதோ ஒரு தூதரகத்தில் யாரோ உட்கார்ந்து கடிதம் எழுதியிருப்பார். அவரைப் பற்றி ஒரு பத்தி கண்ணில் பட்டால் விடாதீர்கள், குறித்து வையுங்கள்.

எங்கே கிடைக்கும்

புத்தகங்களுக்கு மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள், இல்லையென்றால் வாங்கச் சொல்லிக் கோரிக்கைப் பதிவேட்டில் எழுதுங்கள். பலர் சேர்ந்து எழுதினால் பலன் இருக்கும். காசில்லாமல் வீட்டிலிருந்தே படிக்க வேண்டுமென்றால் அமெரிக்கத் தூதர்களின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பு இருக்கிறது, ஓய்வு பெற்றவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் பதிந்தது, மெட்ராஸ் துணைத் தூதரகத்தில் வேலை பார்த்தவர்களும் அதில் பேசியிருக்கிறார்கள். பிரிட்டன் தூதர்களுக்கு இதுபோல ஒன்றைக் கேம்பிரிட்ஜின் சர்ச்சில் கல்லூரி வைத்திருக்கிறது. நம் நாட்டுத் தூதர்களுடையதை ‘இந்தியன் ஃபாரின் அஃபேர்ஸ் ஜர்னல்’ வாய்மொழி வரலாறு என்ற பகுதியில் வெளியிட்டிருக்கிறது. பழைய கோப்புகளுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளம். தேடும்போது ஆண்டும் ஊர்ப் பெயரும் போட்டுத் தேடுங்கள், தலைப்பைப் போட்டால் வராது.

நீங்களே பதிவு செய்ய

படித்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் நாமும் யாரையாவது கேட்க வேண்டும் என்று தோன்றும். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்களைப் பெரும்பாலும் ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவந்தார்கள், சுமார் இரண்டு மாதத்தில் விமானங்கள் 488 தடவை பறந்தன. வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய் ஈராக் அதிபர் சதாம் உசேனைச் சந்தித்தார், இருவரும் கட்டித் தழுவிய படம் உலகம் முழுக்கத் திட்டு வாங்கித் தந்தது. டெல்லியில் வளைகுடாப் பிரிவைக் கவனித்த கே.பி. ஃபேபியன் உள்ளிட்டோர் அந்த நாட்களை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் படித்துவிட்டு, அந்தப் பாலைவனத்தைப் பேருந்தில் கடந்து வந்த யாராவது பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ பர்கூரிலோ இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அந்தக் காலத்தில் வளைகுடாவுக்குப் போன குடும்பங்கள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம்.

போகும்போது பெரிய கேள்விகளோடு போகாதீர்கள். “இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை பற்றி என்ன நினைக்கிறீர்கள் ஐயா” என்று கேட்டால் செய்தித்தாளில் படித்ததைத்தான் சொல்வார். பாஸ்போர்ட் யார் கையில் இருந்தது, முதலாளி என்ன சொன்னார், தூதரகத்து ஆளை முதலில் எங்கே பார்த்தீர்கள், வரிசையில் உங்களுக்கு முன்னால் யார் நின்றார்கள், வீட்டுக்குத் தகவல் எப்படிப் போனது, அக்காவோ அம்மாவோ இங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேளுங்கள். தூதரகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் கிடைத்தால் அன்றைக்கு அவர் மேஜையில் என்ன இருந்தது என்று ஆரம்பியுங்கள். ரகசியம் என்று சொன்னால் வற்புறுத்தாமல் அடுத்த கேள்விக்குப் போங்கள். வீட்டில் மற்றவர்களும் கூட உட்காரட்டும், தேதியை அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள், ஒரு கல்யாணத்தையோ குழந்தை பிறந்ததையோ வைத்துப் பிடித்துவிடுவார்கள்.

பதிவு செய்ய கைபேசி போதும், மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். தொடங்கும்போதே தேதி, ஊர் சொல்லிப் பதியுங்கள். முடிந்ததும் எழுத்தாக்கி அவரிடமே படித்துக்காட்டி, எதை நீக்க வேண்டும், யாருக்குக் காட்டலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் சொன்ன தேதியும் எண்ணும் ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் அவர் பேச்சைத் திருத்தாதீர்கள், அது அப்படியே இருக்கட்டும், கீழே தனியாகக் குறிப்பு எழுதுங்கள். ஒரு பிரதி அவர் குடும்பத்துக்கு, ஒன்று உங்களுக்கு, அவர் சம்மதித்தால் ஒன்று ஊர் நூலகத்துக்கு.